அந்தோனியாருக்கு நேர்ந்த குருவி

மன்னார்த் தீவில் பேசாலையைத் தாண்டித் தலைமன்னார்ப் பக்கம் போகிற வழியில், வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே போய் பிரான்சிஸ்காவின் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். அமிர்தநாயகத்தின் வீடு என்று கேட்க வேண்டும். அமிர்தநாயகம் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அப்பப்பா, அது என்ன தொண்டையோ! வெளிச்சம் வருகிற நேரத்தில் அவர் பாரைமீனுக்கு ஏலம் தொடங்கினால், வீட்டில் போர்த்துப் படுத்திருக்கிறவர்களுக்கும் அன்றைய மீன் விலை தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மெல்லப் பேசாமல் வேறென்ன செய்வாள்? பிரான்சிஸ்கா ஐம்பதைத் தாண்டியவள். ஒடிசலான உடம்பு. கருவாடு போட்டு விற்கிற கை. வாயை அதிகம் திறக்கமாட்டாள். ஆனால் மனத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். அதை அவளிடமிருந்து பிடுங்க அந்த ஏலக்காரத் தொண்டையாலும் முடியாது.

அவர்களுக்கு எமில் ஒரே பிள்ளை. கட்டாருக்கு வேலைக்குப் போனபோது அவன் விட்டுவிட்டுப் போனது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு சோடிக் கொக்கட்டீல் கிளியும். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. பார்த்தால் யாரோ பவுடர் பூசிப் படம் பிடிக்கக் கூட்டிக்கொண்டு வந்தது போலிருக்கும். மோட்டார் சைக்கிளை அமிர்தநாயகம் எடுத்துக்கொண்டார். கிளிகள் பிரான்சிஸ்காவுக்கு வந்தன. ஊரில் அவற்றைக் குருவி என்றுதான் சொல்வார்கள். சின்னதாகக் கூட்டுக்குள் கிடப்பதெல்லாம் அவர்களுக்குக் குருவிதான். மகன் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல், குருவிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டாள். பொழுது கிடைத்தால் அதில் போய் இருப்பாள்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு பெட்டை முட்டையில் இருந்தது. கூட்டுக்குள் கட்டியிருந்த மண்பானைக்குள் மூன்று குஞ்சுகள் பொரித்தன. செய்தி கேட்ட எமில் அன்றைக்கே போன் எடுத்தான்.

"அம்மா, இரண்டு கிழமையிலை குஞ்சுகளை வெளியிலை எடுத்துப்போட்டு நீங்கள் கையாலை சாப்பாடு தீத்தோணும். அப்பதான் மனுசரோடை பழகும். தாய் தகப்பன் தீத்தி வளத்த குஞ்சு ஒருநாளும் கைக்கு வராது."

"தாய் உயிரோடை இருக்கேக்கை நான் ஏன் தீத்துவான்?"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை."

"அதுகள் பெத்ததுகள், அதுகள் தீத்தட்டும். பழகிறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"பழகாதம்மா."

"பழகும்," என்றாள் பிரான்சிஸ்கா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

முடிந்தது என்று அவள் நினைத்தாள்; குஞ்சுகள் அப்படி நினைக்கவில்லை. பானைக்குள் இருக்கும்வரை சும்மா கிடந்தவை, செட்டை முளைத்து வெளியே வந்ததும் தங்கள் குணத்தைக் காட்டின. அவள் தினை போடக் கையை உள்ளே விட்டால் போதும், மூன்றும் கொண்டையைத் தட்டையாக்கி, உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டி, பாம்பு மாதிரி உஸ்ஸென்று சீறும். தாயும் தகப்பனும் கம்பியில் மோதிப் பறக்கும். தண்ணீர்ச் சட்டி கவிழும். அமிர்தநாயகம் தேத்தண்ணீரும் கையுமாக நின்று இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "இதுகளைப் பழக்கிறதிலும் சுறாவைப் பழக்கலாம்," என்பார், அடுத்த தெருவுக்கும் கேட்கத்தக்கதாக.

பொல்லாதவன் மூத்த குஞ்சுதான். ஒருநாள் அவள் துணிந்து விரலை நீட்டியபோது நகத்தடியில் கவ்விப் பிடித்தான், விடவே இல்லை. இரத்தம் சொட்டியது. அன்றைக்கே அமிர்தநாயகம் அவனுக்குக் கடியன் என்று பேர் வைத்துவிட்டார். பிரான்சிஸ்கா விரலை உப்புத் தண்ணீரில் கழுவி, சீலைத் துண்டால் சுற்றிக்கொண்டு, முன்னறைச் சுவரில் இருந்த அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு மாதத்துக்கு மேலாக அந்தக் கதிரையில் இருந்து மன்றாடியது என்ன, இந்தப் பிராணிகள் தந்தது என்ன!

"அந்தோனியாரே," என்றாள். "முதல் எந்தக் குஞ்சு தானா என்ரை கைக்கு வருதோ, அது உமக்கு."

அந்தக் கரையில் இருக்கிற எவளும் அப்படித்தான் நேர்ந்திருப்பாள். புதுவலையில் விழுகிற முதல் மீன் அந்தோனியாருக்கு. முற்றத்துத் தென்னையின் முதல் குலை அந்தோனியாருக்கு. ஆடு ஈன்றால் முதல் குட்டி. நேர்த்தி என்று வாயைத் திறந்தால் 'முதல்' என்ற சொல் தன்பாட்டில் வந்து விழும். நேர்ந்ததைத் திருநாளன்று கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அது ஏலத்தில் போகும். பிரான்சிஸ்காவும் ஒரு கணக்கோடுதான் சொன்னாள்: குஞ்சு மூன்று, ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும், இரண்டு எனக்கு. முதல் வருகிறதுதான் மனத்துக்கு மிகவும் பிடித்ததாக இருக்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஓடும்?

அடுத்த நாள் முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காகம் வேலியில் வந்து குந்தியது. "ச்சூய்" என்று கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு தற்செயலாகக் கூட்டுப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தாய்க்குருவி கொண்டையைத் தட்டையாக்கிக்கொண்டு மூலையில் ஒட்டிக் கிடந்தது. தகப்பனும் அப்படியே. அவற்றைப் பார்த்து மூன்று குஞ்சுகளும் அப்படியே.

மறுபடி கையை ஓங்கிப் பார்த்தாள். மறுபடியும் அதுதான் நடந்தது.

ஐயோ கடவுளே! கூடு தொங்கியது கருவாடு காயப்போடுகிற இடத்துக்கு நேர் எதிரே. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை காகம் வரும், கை உயரும், கல்லும் போகும். எமில் போன நாளிலிருந்து அந்தச் சோடி பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான். பிறகு அதே கை தினையோடு கூட்டுக்குள் வந்தால் அவை கொஞ்சுமா? தாய் தகப்பன் வளர்த்த பிள்ளை, தாய் தகப்பன் பயந்ததற்குப் பயப்படாமல் என்ன செய்யும்? குஞ்சுகளில் ஒரு பிழையும் இல்லை. அவை நல்ல பிள்ளைகளாகச் சொல்லிக்கொடுத்ததைப் படித்திருந்தன. பிரான்சிஸ்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே கூடு முன் விறாந்தைக்கு மாறியது. கருவாட்டுக்கு மேலே பழைய வலையை இழுத்துக் கட்டினாள், காகம் கத்திவிட்டுப் போகட்டும் என்று. கடியன் மற்ற இரண்டையும் தின்ன விடாமல் கொத்தித் துரத்திக்கொண்டிருந்ததால், அவனைப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டில் தனியே விட்டாள். தாய் தகப்பன் கண்ணுக்குத் தெரியும், சத்தம் கேட்கும். ஆனால் அவை பயந்தால் இவனும் சேர்ந்து துள்ள வேண்டியதில்லை.

பிறகு அவசரப்படவில்லை. கையை உயர்த்தவே இல்லை. மடியில் கிடந்த கை மெல்ல வந்து கூட்டின் அடியில் கிடக்கும். நாள் போகப் போகக் கதவடியில் கிடக்கும். அவன் கொண்டை தட்டையானால் கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவன் ஆறினால்தான் இன்னும் கொஞ்சம் நகரும். அது தவக்காலம். பின்னேரங்களில் அந்தக் கதிரையில் இருந்தே செபமாலை சொன்னாள். ஒரே குரல், ஒரே ஏற்ற இறக்கம், தினமும் அதே சொற்கள். இதிலும் நல்ல தாலாட்டு ஒரு பயந்த குருவிக்கு எங்கே கிடைக்கும்? செபமாலையில் இரண்டாம் தேவ இரகசியம் முடிவதற்குள் கடியன் ஒரு காலை மடித்து இறகுக்குள் இழுத்துக்கொண்டு, சொண்டைக் கரகரவென்று அரைக்கத் தொடங்குவான். அது அவனுக்கு நித்திரை வருகிற அடையாளம். போகிற வழியில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிறின்சி, "மாமி, குருவிக்கோ செபம் படிப்பிக்கிறியள்?" என்று கேட்டுச் சிரித்தாள். கேட்டால் கேட்கட்டும்.

தவக்காலத்தின் கடைசியில், பெரிய கிழமையில் ஒருநாள் அது நடந்தது. கதவு திறந்திருந்தது. விரல் வாசலில் கிடந்தது. அருள் நிறைந்த மரியே செபம் பாதியில் இருந்தபோது விரலில் ஏதோ குளிராக ஒட்டியது. பார்த்தால் ஒரு கால். பிறகு மற்றக் கால். கடியன் ஏறி நின்றான், அந்தப் பொல்லாதவன்! கொண்டையை அரைவாசி உயர்த்தி, தலையைச் சரித்து, கடித்த அந்த நகத்தையே ஆராய்ந்து பார்த்தான். பிரான்சிஸ்காவுக்கு மூச்சு விடவும் பயம். செபத்தை முடிக்கவும் இல்லை. கண்ணால் மட்டும் தண்ணீர் ஓடியது. எமில் போன பிறகு அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மற்றது ஞாபகம் வந்தது. முதல் வந்தது இவன்தான்.

சரி, மற்ற இரண்டும் வரட்டும் என்று பார்த்தாள். அவை வரவில்லை. தாய் தகப்பனோடு கொஞ்சிக்கொண்டு, ஒன்றையொன்று கோதிக்கொண்டு, எங்களுக்கு உன் கை எதற்கு என்று இருந்தன. உண்மையைச் சொன்னால் அவளும் பெரிதாக முயலவில்லை. மனம் முழுவதும் கடியனிடம் போய்விட்டது. அவன் தோளில் இருந்து சமையலைப் பார்த்தான். மயிரைப் பிரித்துக் கோதினான். அவளுடைய தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு சீட்டியடிக்கப் பழகினான். என்ன பாட்டு? பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவருகிற வண்டி ஊருக்குள் வரும்போது போடுகிற அந்தப் பாட்டுத்தான். அச்சொட்டாக அடிப்பான். பிறின்சி இரண்டு தரம் காசோடு வீதிக்கு ஓடி வந்து, வண்டியைக் காணாமல், வீட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டு போனாள். அந்தோனியார் திருநாள் ஆனியில். அதற்கு நாள் கிடக்கிறது என்று பிரான்சிஸ்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து கொஞ்ச நாளில் அவள் மடு மாதா கோயிலுக்குப் போய் ஒருநாள் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அமிர்தநாயகம் விறாந்தையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இஞ்சேரப்பா, இவன் ஒண்டும் தின்னேல்லை. கிட்டப் போனாச் சீறுறான். தண்ணியும் குடிச்ச மாதிரித் தெரியேல்லை."

கடியன் கூட்டின் அடித்தட்டில் உப்பிப்போய்க் கிடந்தான். அவள் குரல் கேட்டதும் கொண்டை நிமிர்ந்தது. கையை நீட்ட ஓடி வந்து ஏறி, தினையை அள்ளி அள்ளித் தின்றான். பொய் எதற்கு, அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் இவன் தின்னமாட்டான்! அந்தப் பெருமை அன்றிரவு தலையணையில் தலை வைக்கும்வரைதான். படுத்ததும் திருநாள் ஞாபகம் வந்தது. திருநாளன்று இவன் ஏலத்தில் போவான். யார் வீட்டுக்கோ போவான். அங்கே அவள் இருக்கமாட்டாள்.

அமிர்தநாயகத்துக்கு விஷயம் தெரியும். அன்றைக்கு நேர்ந்தபோது அவர் வாசலில் நின்றவர். அவரே வழியும் சொன்னார். "கோயில் ஏலமும் நான்தானே கூறுறது? பிறின்சியின்ரை புருஷனை ஏலம் கேக்கச் சொல்லுவம். கெதியா அடிச்சு முடிச்சிடுவன். பின்னேரம் குருவி வீட்டை வந்திடும்."

"அந்தோனியாரோடை கள்ள ஏலமோ?"

"ஏன், நேந்தவை தங்கடையை ஏலத்திலை எடுக்கிறேல்லையோ?"

"மாங்காயை எடுப்பினம். மனசாலை குடுத்திட்டு எடுப்பினம். நான் குடுக்காமலே எல்லோ எடுக்கப்போறன்."

பாதரிடமும் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனுஷன். "அதுக்குப் பதிலா ஒரு சேவலைக் குடுங்கோ அம்மா, அந்தோனியார் கோவிக்கமாட்டார்," என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் மனம் கேட்கவில்லை. எமில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை எஞ்சின் பழுதாகி, படகு இந்தியப் பக்கம் இழுபட்டுப்போய், இரண்டு நாள் ஆளைக் காணவில்லை. அப்போது அவள் வெள்ளியில் ஒரு வள்ளம் செய்து தருவதாக நேர்ந்தாள். பிள்ளை வந்தான். அந்தோனியார் பிள்ளைக்குப் பதிலாக வேறெதையும் அனுப்பவில்லையே! அவர் சொன்னதைச் செய்தவர். நான் மட்டும் சேவலைக் காட்டி ஏமாற்றுவதா? முடியாது என்றால் முடியாது. ஒற்றைக்காலில் நின்றாள்.

"அப்ப அவன் அங்கை போய்ச் சாகட்டும் எண்டோ?" என்று அமிர்தநாயகம் கேட்டார்.

அந்தக் கேள்வி அவளை நாள் முழுக்கத் தின்றது. பின்னேரம் கருவாட்டை அள்ளி உரப்பையில் போட்டுக்கொண்டிருக்கையில் சொன்னாள்:

"குடுக்கிறதெண்டா அவன் பயப்பிடாமல் போகோணும். நான் அவனை எனக்கு மட்டும் பழக்கிப்போட்டன். அது பிழை. இனி எல்லாருக்கும் பழக்கோணும். நீங்கள்தான் முதல்."

"நானோ?"

"ஓம். மெல்லமாக் கதைச்சு."

மெல்லமாகக் கதைப்பது! அமிர்தநாயகத்துக்கு அது கடலைக் கோப்பையில் பிடிக்கச் சொன்னது மாதிரி. முதல் நாள் கதிரையில் போய் இருந்து, "ஏன்ரா கடியா" என்று அவர் கேட்ட கேள்வியில் கடியன் கூட்டின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டான். பிரான்சிஸ்கா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். இரண்டாம் நாள் பேசாமல் இருந்தார். அதற்கடுத்த நாள் காற்று மட்டும் வருகிற குரலில் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று அவள் மறைவில் நின்று கேட்டாள். கரையில் அன்றைக்குப் பிடிபட்ட மீன்களைத்தான் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: திரளி கொஞ்சம், சூடை கூட, ஒரு பெரிய அறக்குளா. அவர் தன்னிடம் அந்தக் குரலில் ஒருநாளாவது பேசியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. ஆனாலும் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

ஒருநாள் மனுஷன் உள்ளங்கையில் தினையை வைத்துக்கொண்டே கதிரையில் நித்திரையாகிவிட்டார். கடியன் அந்தக் கையில் ஏறித் தின்று முடித்து, பெருவிரலில் இருந்து ஒற்றைக் காலில் தானும் தூங்கினான். கண் விழித்த அமிர்தநாயகம் அசையவே இல்லை. கரையிலிருந்து அன்றைக்கு அவரைத் தேடி ஆள் வந்தது. "சத்தம் போடாதேங்கோ," என்று கண்ணைக் காட்டினார். அன்றோடு மனுஷன் கடியனின் ஆளாகிவிட்டார். கரையிலிருந்து வந்தால் முதல் விறாந்தை, பிறகுதான் சாப்பாடு.

அதற்குப் பிறகு பிறின்சி வந்து இருந்தாள். குடை விரித்துக் காட்டினார்கள், தொப்பி போட்டுக் காட்டினார்கள். கருவாடு வாங்க வருகிற இர்ஷானாவை, "பிள்ளை, கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ," என்று பிரான்சிஸ்கா பிடித்து வைத்தாள். முக்காடு போட்ட ஆளைக் கடியன் அதுவரை கிட்டத்தில் கண்டதில்லை. இர்ஷானா பொறுமையானவள். முக்காட்டின் நுனியை அவன் இழுத்து விளையாடும்வரை இருந்தாள். பின்னேரங்களில் கூட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவும் போனாள் பிரான்சிஸ்கா. யார் கையாக இருந்தாலும் கீழால், மெல்ல, அவனுடைய வயிற்றடிக்கு வர வேண்டும். வந்தால் அவன் ஏறுவான். காலைச் சாப்பாட்டை அவள் வைப்பதையும் நிறுத்தினாள். அமிர்தநாயகம் வைத்தார், சில நாள் பிறின்சி வைத்தாள்.

ஒருநாள் அவளும் பிறின்சியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, கடியன் பறந்து பிறின்சியின் தோளில் போய் இருந்தான். "மாமி, பாருங்கோவன்," என்று அவள் பூரித்துப்போனாள். "நல்லம் பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் பிரான்சிஸ்கா குசினிக்குள் போய்த் தேங்காயைத் துருவத் தொடங்கினாள். சிரட்டையும் சேர்ந்து வருமட்டும் துருவினாள். நல்லதுதான். அதற்குத்தானே இத்தனை பாடு! நல்லது நடந்தால் நெஞ்சு ஏன் இப்படி எரிய வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

திருநாளும் வந்தது. கொடியேறி, நவநாள் முடிந்து, பெரிய பூசையும் முடிந்தது. கோயில் முற்றத்துப் பந்தலில் ஏலச் சாமான்கள் குவிந்து கிடந்தன: பூசணிக்காய், தென்னங்கன்று, கால் கட்டிய சேவல்கள், ஒரு ஆட்டுக்கிடாய், ஐஸில் கிடத்திய பெரிய பாரை. அவற்றுக்கு நடுவில், வெள்ளைச் சீலை விரித்த மேசையில் கடியனின் கூடு. அமிர்தநாயகம் நல்ல சாரமும் வெள்ளைச் சேட்டுமாக நின்று பிளந்து கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கிடாய்க்குச் சொன்ன பகிடியில் பாதரும் சிரித்துவிட்டார். குருவியின் முறை வந்ததும் அவர் குரல் இறங்கியது. பின்வரிசையில் நின்றவர்கள், "என்ன, கேக்கேல்லை," என்றார்கள். அவருக்கு அந்தக் கூட்டுக்குக் கிட்ட நின்று சத்தம்போட வரவில்லை.

மன்னார் டவுனிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் விலை கேட்டார். அவருக்கு எதிராகப் பெரியமடுவிலிருந்து வந்த நடராசா கூட்டிக் கேட்டார். வயல் செய்கிற சைவக்காரர். வருஷம் தவறாமல் அந்தோனியாரிடம் வருகிறவர்களில் ஒருவர். கூட வந்த மனைவி சிவலட்சுமி, மேசைக்குக் கிட்ட வந்து கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, இது புது ஆளின்ரை கைக்கு வருமோ?" என்று கேட்டாள்.

அமிர்தநாயகம் கூட்டைத் திறந்தார். பந்தல் காலோடு சாய்ந்து நின்ற பிரான்சிஸ்கா சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சனம், அவ்வளவு சத்தம், முன்பின் தெரியாத ஒரு மனுஷி. வரமாட்டான் என்று மனத்தின் ஒரு பக்கம் சொன்னது. வரவேண்டாம் என்று கூடச் சொன்னது. சிவலட்சுமி கையை நீட்டினாள். அவளுக்குக் குருவி பிடித்துப் பழக்கமில்லை, அதனால் பயந்து பயந்து மெல்ல நீட்டினாள். கடியன் தலையைச் சரித்துப் பார்த்தான். ஏறினான். வளையலை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் நின்று பாண் வண்டிப் பாட்டைச் சீட்டியடித்தான். சனம் கொல்லென்று சிரித்தது. சிவலட்சுமி சிரிக்கவில்லை. முகம் அப்படியே மலர்ந்து, கண் கலங்கிப்போய் நின்றாள்.

"பாத்தியளே," என்று நடராசாவிடம் சொன்னாள். "என்னட்டை வந்திட்டுது."

கடைக்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

"ஒருதரம்," என்றார் அமிர்தநாயகம். "ரெண்டுதரம்."

பிறகு நிறுத்தினார். சனத்தைப் பார்த்தார். பந்தல் காலடியில் நின்ற மனைவியைப் பார்த்தார். நீ ஒரு சொல் சொல்லு, கையை உயர்த்து, இப்பவும் பிந்தவில்லை என்று அந்தப் பார்வை கெஞ்சியது. குருவியின் குணங்களை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நல்ல குருவி, சாந்தமான குருவி, மழைக்குப் பயமில்லை, குடைக்குப் பயமில்லை. "ரெண்டுதரம்," என்றார் மறுபடியும். தொண்டை கரகரத்தது. கரை முழுவதையும் எழுப்புகிற அந்தத் தொண்டை! பாதர் இருமினார். ஊர்ச்சனத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது, ஒருவரும் பேசவில்லை. "ரெண்டுதரம்," என்றார் அமிர்தநாயகம் மூன்றாம் முறையாக. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

பிரான்சிஸ்கா கடியனைப் பார்த்தாள். அவன் சிவலட்சுமியின் மணிக்கட்டில் ஒரு காலை மடித்துக்கொண்டிருந்தான்.

"மூண்டுதரம்," என்றாள் பிரான்சிஸ்கா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. கடியனுக்கும் கேட்டது. மடித்த காலைக் கீழே வைத்து, கொண்டையை நிமிர்த்தி, குரல் வந்த பக்கம் திரும்பினான். கண்டுகொண்டான். சிவலட்சுமியும் திரும்பி, பந்தல் காலடியில் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்தாள். ஒருவரும் எடுத்துச் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் விளங்கியது. குருவியை ஏந்தியபடி கிட்ட வந்தாள்.

"அக்கா, உங்கடையோ? எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் வைச்சிருங்கோ."

"என்ரை இல்லைப் பிள்ளை. அந்தோனியாரின்ரை. இப்ப உங்கடை."

கடியன் கழுத்தை நீட்டி, செட்டையை இலேசாக விரித்து, அவளிடம் தாவுவதற்குத் தயாராக முன்னால் சரிந்தான். நிற்பதற்கு ஒரு விரலைத் தேடினான். கை தெரிந்தால் வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பிரான்சிஸ்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள். கன்னத்தால் வழிந்ததைத் துடைக்கவும் எடுக்கவில்லை. அவன் பார்த்தான், இன்னும் கொஞ்சம் பார்த்தான். பிறகு திரும்பி, சிவலட்சுமியின் கை வழியே நடந்து தோளுக்கு ஏறி, அவளுடைய கழுத்தோடு ஒட்டி இருந்துகொண்டான்.

நடராசாவும் சிவலட்சுமியும் ஏறியதும் பெரியமடுவுக்குப் போகிற வான் வண்டி கோயில் வாசலிலிருந்து வெளிக்கிட்டது. சனம் அடுத்த ஏலத்துக்குத் திரும்பியது. அமிர்தநாயகம் ஏலமணியைப் பிறின்சியின் புருஷனிடம் கொடுத்துவிட்டு வந்து, மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். வான் வீதியில் ஏறி வளைவில் மறையுமட்டும் பிரான்சிஸ்கா கைகளை முன்னால் எடுக்கவில்லை.